சன்னக் குரல்காரர்களுக்கு: சொன்னது காதில் விழ ஒரு முழுமையான வழிகாட்டி

“சத்தமாப் பேசு”, “வாய்க்குள்ளேயே முனகாதே”, “என்ன, சாப்பிடலையா?” குரல் சன்னமாக இருப்பவர்கள் சின்ன வயதிலிருந்தே கேட்டுச் சலித்த வாக்கியங்கள் இவை. சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரை தாக்குப்பிடிப்பது இரண்டு வாக்கியத்துக்குத்தான். மூன்றாவது வாக்கியத்தில் குரல் பழைய அளவுக்கே இறங்கிவிடும். கூடவே, எல்லோரும் நம் குரலைக் கவனிக்கிறார்கள் என்ற கூச்சமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது இது: சத்தத்தைக் கூட்டுவது கடைசி வைத்தியம். முதலில், நம் பேச்சு எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரிய வேண்டும். அது மூன்று இடங்களில் தொலையலாம். ஒலியே காதை எட்டாமல் போகலாம். ஒலி போதுமானதாக இருந்தும் பேச முறையே கிடைக்காமல் போகலாம். காதில் தெளிவாக விழுந்தும் யாரும் கணக்கில் எடுக்காமல் போகலாம். மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரியும்: நீங்கள் பேசினீர்கள், எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. முறை கிடைக்காதவர் மூச்சுப் பயிற்சி செய்து என்ன பயன்?

படி 1: எங்கே தொலைகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். பேச்சு போய்ச் சேராத ஒவ்வொரு தடவையும் எதிரில் இருந்தவர் என்ன செய்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

“என்ன?” என்று கேட்டாலோ, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாலோ, சம்பந்தமில்லாத பதில் சொன்னாலோ, ஒலி எட்டவில்லை. நீங்கள் வாயைத் திறந்த அதே கணத்தில் இன்னொருவர் ஆரம்பித்து நீங்கள் நிறுத்திக்கொண்டால், அது முறைச் சிக்கல். யாரும் “என்ன?” என்று கேட்கவில்லை, பத்து நிமிடம் கழித்து வேறொருவர் அதையே சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்றால், ஒலி எட்டிவிட்டது, மதிப்புதான் எட்டவில்லை.

யாரிடம் நடந்தது, எங்கே நடந்தது என்பதையும் எழுதுங்கள். எல்லா இடத்திலும் எல்லோரிடமும் நடந்தால் குரலைப் பார்க்கலாம். ஒரே அறையில் மட்டும் நடந்தால் அறையைப் பார்க்க வேண்டும். ஒரே ஆளிடம் மட்டும் நடந்தால், அவருடைய காதையும் சந்தேகிக்கலாம், அக்கறையையும் சந்தேகிக்கலாம்.

காது விஷயம் முக்கியம். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் இருப்பது அங்கேதான். அதனால்தான் பெரியவர்கள் பலர் “நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்கிறார்கள். அவர்களிடம் கத்துவதால் உயிரெழுத்துகள்தான் பெரிதாகும். தொலைந்த மெய்யெழுத்து திரும்பி வராது. முகம் தெரியும்படி எதிரில் நின்று, நிதானமாக, புரியாத வாக்கியத்தை வேறு சொற்களில் சொல்வதுதான் பலிக்கும்.

இன்னொரு சோதனை. நண்பர் ஒருவரை அறையின் மறுகோடியில் நிறுத்தி, உங்கள் வழக்கமான குரலில் நான்கு வாக்கியம் பேசுங்கள். பிறகு, கத்துவதாக உங்களுக்கே தோன்றும் அளவில் நான்கு வாக்கியம். இரண்டுக்கும் அவர் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருகிறார் என்று கேளுங்கள். உங்களுக்குக் கத்தலாகத் தோன்றியது அவருக்குச் சாதாரணப் பேச்சாகத் தோன்றியிருக்க வாய்ப்பு அதிகம். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எனவே நம் குரலின் அளவுக்கு நம் காதே நம்பகமான சாட்சி இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால், பாதிக் கூச்சம் போய்விடும்.

படி 2: உடல் காரணமா என்று பாருங்கள்

பிறந்ததிலிருந்தே குரல் மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் அது நோய் இல்லை. முன்பு நன்றாக இருந்த குரல் இப்போது தளர்ந்திருந்தால் அது வேறு கதை.

குரல் கம்மலோ தளர்ச்சியோ நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், அதிர்ந்து குரல் எழுப்பும் மடிப்புகளான குரல்நாண்களை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய குழாய்க் கேமராவில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், புகைப்பழக்கம் இருந்தாலும், நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது. தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் தளர்ந்தவர்களும் அப்படித்தான். குரல்நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னாலேயே செல்கிறது. இடப்பக்க நரம்போ இன்னும் கீழே மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறி வருகிறது. அதனால் மார்பில் உள்ள கோளாறுகூடக் குரலில் தெரியலாம்.

நடுக்குவாத நோயில், அதாவது பார்க்கின்சனில், ஒரு விசித்திரம் உண்டு. பலருக்குக் குரல் இறங்கிக்கொண்டே போகும், ஆனால் பேசுகிற நோயாளிக்கு அது தெரியாது. “நான் சரியாத்தான் பேசறேன், உங்களுக்குத்தான் காது போச்சு” என்பார். அவர்களுக்கென்றே 1987-இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி உருவாக்கப்பட்டது: வாரம் நான்கு அமர்வு, நான்கு வாரம், ஒரே குறிக்கோளாகக் குரலின் அளவை உயர்த்துவது. இன்றும் பேச்சு சிகிச்சையாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை: மூச்சை நன்றாக இழுத்து, சாதாரண அளவில் ‘ஆ’ என்று நீட்டுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களில் பலர் 15 விநாடியாவது தாக்குப்பிடிப்பார்கள். திரும்பத் திரும்ப 10 விநாடிக்குள் மூச்சு தீர்ந்துவிட்டால், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது. தொண்டை வலிக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது குரல்வளையை இறுக்கவே செய்யலாம். ஓய்வு வேண்டுமென்றால் பேசாமல் இருப்பதே சரி.

படி 3: குரலைத் தொடுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான், ஏனென்றால் முயற்சி குறைவு, பலன் உடனடி.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். சாதாரண உரையாடல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். தடையில்லாத இடத்தில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதே குரல் 48-ஆகத்தான் போய்ச் சேரும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் இழப்பு இவ்வளவு மோசமாக இருக்காது, ஆனால் போக்கு இதுதான். நான்கு மீட்டரை ஒரு மீட்டராக்கினால் 12 டெசிபல் வரை சும்மா கிடைக்கிறது. மாதக்கணக்கில் குரல் பயிற்சி செய்தாலும் அவ்வளவு எளிதில் வராத லாபம், நாற்காலியை இழுத்துப் போட்டால் வந்துவிடுகிறது.

ஆகவே, நீளமான மேசையின் கோடியில் உட்காராதீர்கள். நடுவில் உட்காருங்கள், முடிந்தால் கூட்டத்தை நடத்துபவருக்கு நேர் எதிரில். கூச்சத்தால் நாம் தேடிப் போகும் கடைசி இருக்கைதான் நம் குரலுக்கு முதல் எதிரி. மின்விசிறி, ஏசி, கதவு, ஜன்னல் ஆகியவற்றின் பக்கம் வேண்டாம். பேசும் முன் அணைக்கக்கூடியதை அணைத்துவிடுங்கள். “ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திக்கலாமா?” என்று கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு: எல்லோரும் ஒரு கணம் உங்களைப் பார்ப்பார்கள், நீங்கள் பேசப்போகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முகத்தைத் திருப்பாதீர்கள். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவும், உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் பெரும்பாலும் வாய் பார்க்கும் திசையிலேயே போகும். பலகையையோ திரையையோ பார்த்தபடி பேசினால் குரல் கேட்கும், சொல் கேட்காது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் பேசுவதை அடியோடு நிறுத்துங்கள். எழுந்து போய்ப் பேசுங்கள், அல்லது அவரை வரச் சொல்லுங்கள்.

இரைச்சலான இடங்களில் இன்னொரு விளையாட்டு நடக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். விருந்துக் கூடத்தில் ஒரு மேசை குரலை உயர்த்தும், அதைத் தாண்ட அடுத்த மேசை உயர்த்தும், கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். இந்த ஏலத்தில் சன்னக் குரல்காரர் ஜெயிக்கவே முடியாது. கூட்டம் சேரும் முன்பே போய்ப் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். அல்லது “வெளிய வாங்க, ஒரு விஷயம்” என்று ஒருவரைத் தனியே கூட்டிப் போங்கள்.

படி 4: தொண்டையை விட்டுவிட்டு மூச்சைப் பிடியுங்கள்

குரலை உயர்த்தச் சொன்னதும் நாம் செய்வது தொண்டையை இறுக்குவது. அதனால் குரல் கீச்சென்று மேலே போகும், சீக்கிரம் வலிக்கும், ஒலி அப்படியொன்றும் கூடாது. ஒலிக்கு விசை தருவது நுரையீரலிலிருந்து வரும் காற்று. அந்த ஒலியை உருட்டித் திரட்டிக் கொடுப்பது தொண்டைக்கு மேலே உள்ள வெளி: தொண்டைக்குழி, வாய், உதடு.

ஒரு கையை மேல்வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுக்கும்போது அந்தக் கை வெளியே தள்ளப்பட வேண்டும். தோள்கள் மேலே ஏறினால் மூச்சு மேலோட்டமாகப் போகிறது என்று அர்த்தம். இது பிடிபட்டதும் ஸ்ட்ராவுக்கு வாருங்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனியை ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, அதற்குள் ‘ஊ’ என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே. வாய்ப்புறத்தில் வழி குறுகும்போது அங்கே உண்டாகும் அழுத்தம் குரல்நாண்கள் ஒன்றையொன்று கடுமையாக மோதாமல் அதிர உதவுகிறது. ஸ்ட்ரா வழியாகக் குரல் கொடுக்கும் பயிற்சியைப் பரவலாக்கியவர் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்ஸே. பாடகர்கள் பலர் மேடையேறுமுன் செய்வதும் இதைத்தான்.

அதற்குப் பிறகு வாயை மூடி ‘ம்ம்ம்’. உதட்டிலும் மூக்கெலும்பிலும் குறுகுறுப்பு போன்ற ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அந்த அதிர்வை விடாமல் ‘ம்ம்மா’, ‘ம்ம்மே’, ‘ம்ம்மோ’ என்று திறங்கள். பிறகு அதே இடத்திலிருந்து ஒரு வாக்கியம். இந்த அதிர்வு இருக்கும் குரல், பெரிதாக இல்லாவிட்டாலும் தூரம் போகும்.

ஒரே மூச்சாக அரைமணி நேரம் செய்வதைவிட, நாளில் நான்கைந்து தடவை இரண்டிரண்டு நிமிடம் செய்வது நல்லது. வலித்தால் நிறுத்துங்கள். ‘கம்பீரமாக’ இருக்க வேண்டும் என்று குரலை வேண்டுமென்றே தாழ்த்திப் பேசும் ஆலோசனையை நான் யாருக்கும் தரமாட்டேன். இயல்பான சுருதிக்குக் கீழே அழுத்திப் பேசினால் குரல் கரகரக்கும், அளவும் குறையும்.

படி 5: வாக்கியத்தின் வாலைக் காப்பாற்றுங்கள்

தமிழில் பேசுபவர்களுக்கு இது உயிர்நாடி. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்ற தீர்ப்பும் கடைசியில்தான் வருகிறது. “நாளைக்கு என்னால வர முடியும்” என்பதற்கும் “நாளைக்கு என்னால வர முடியாது” என்பதற்கும் வித்தியாசம் கடைசி அசையில் இருக்கிறது. சன்னக் குரல்காரரின் மூச்சோ சரியாக அந்த இடத்தில்தான் தீர்ந்துபோகிறது. “வர முடி…” வரை கேட்கும். மீதியை எதிரில் இருப்பவர் தன் வசதிப்படி நிரப்பிக்கொள்வார். “நீதானே வர்றேன்னே?” என்ற சண்டைகளில் பாதி இப்படிப் பிறந்தவை.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, வாக்கியத்தை வெட்டுவது. ஒரு மூச்சில் ஒரு சிறு வாக்கியம், மூச்சு, அடுத்த வாக்கியம். கடைசிச் சொல்லுக்குக் காற்று மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இரண்டாவது வழி, வாலைத் தலைக்குக் கொண்டுவருவது. பேச்சுத் தமிழ் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது: “முடியாது, நாளைக்கு என்னால வர முடியாது.” “வேண்டாம், இந்தத் தேதி நமக்குச் சரிப்படாது.” முதல் சொல்லிலேயே தீர்ப்பு விழுந்துவிட்டதால், பிறகு குரல் இறங்கினாலும் மோசமில்லை.

வேகத்தையும் குறையுங்கள். எப்படியும் குறுக்கே பேசிவிடுவார்கள் என்ற பயத்தில் நாம் அவசரமாகப் பேசிப் பழகிவிட்டோம். அவசரத்தில் முதலில் சிதைவது மெய்யெழுத்துகள். சொல்லைச் சொல்லாக அடையாளம் காட்டுபவை அவைதான்.

“தப்பா இருந்தாலும் இருக்கலாம்”, “எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனாலும்” போன்ற முன்னுரைகளுக்கு மூச்சைச் செலவழிக்காதீர்கள். குரல் வளம் உள்ளவர்கள் அந்த ஆடம்பரத்தைச் செய்துகொள்ளட்டும்.

படி 6: முறைக்காகக் காத்திருக்காதீர்கள்

உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? பல மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். யோசித்து வாயைத் திறக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். எனவே அடுத்துப் பேசுபவர், முன்னவர் முடிக்கும் முன்பே தயாராகிவிட்டவர். எல்லோரும் ஓயட்டும், பிறகு பேசலாம் என்று மரியாதையாகக் காத்திருப்பவருக்கு அந்த ஓய்வு வரப்போவதே இல்லை.

அதனால் உடம்பை முதலில் பேசவிடுங்கள். முன்னால் சாயுங்கள், மற்றவர்களுக்குத் தெரியும்படி மூச்சை இழுங்கள், கையை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். பிறகு, தொலைந்தாலும் பரவாயில்லாத சொற்களில் தொடங்குங்கள்: “ஒரு நிமிஷம், இந்தச் செலவு விஷயத்துல…” முதல் இரண்டு சொல் மற்றவர் பேச்சில் அமுங்கிப்போகும் என்பது தெரிந்ததே, அமுங்கட்டும். ‘செலவு’ என்ற சொல் விழும்போது அறை உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். பேசிக்கொண்டிருப்பவரின் பெயரைச் சொல்லித் தொடங்குவது இன்னும் வலுவானது. தன் பெயர் காதில் விழுந்தால் பெரும்பாலும் யாரும் ஒரு கணம் நிற்பார்கள்.

கூட்டம் என்றால் வேலையை முன்கூட்டியே முடிக்கலாம். நடத்துபவரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள்: “மூணாவது விஷயம் வரும்போது எனக்கு ஒண்ணு சொல்லணும், என்னைக் கூப்பிடுங்க.” பெரும்பாலும் கூப்பிடுவார்கள். முடிந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எதையாவது பேசிவிடுங்கள், சின்னக் கேள்வியாக இருந்தாலும் சரி. ஒரு மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பேசினால் நமக்கே நம் குரல் அந்நியமாகக் கேட்கும்.

கடையிலோ அலுவலக ஜன்னலிலோ வேறு உத்தி. அங்கே நின்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். முதலில் கண் சந்திக்கட்டும், கை உயரட்டும், பிறகு இரண்டே சொல்லில் வேலையைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர் திரும்பிய பிறகு.

படி 7: குறுக்கே பேசினால், “என்ன?” என்றால்

யாராவது குறுக்கே வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், அளவையும் கூட்டாதீர்கள். அதே குரலில் அந்த வாக்கியத்தை மட்டும் முடியுங்கள். உள்ளங்கையை லேசாக உயர்த்தி “முடிச்சிடறேன்” என்றால் போதும். அவர் நிற்காமல் போய்விட்டால், ஒரு இடைவெளி கிடைத்ததும் “நான் பாதியில விட்டதைச் சொல்லிடறேன்” என்று திரும்பி வாருங்கள். கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

“என்ன?” என்று கேட்கும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. நம்மில் பலர் இரண்டாவது தடவை முதல் தடவையைவிடச் சன்னமாகவும் சுருக்கமாகவும் சொல்வோம். மூன்றாவது தடவை “ஒண்ணுமில்ல, விடுங்க” என்றுவிடுவோம். சன்னக் குரல்காரர்கள் இழந்த வாய்ப்புகளில் பெரும்பங்கை இந்த “ஒண்ணுமில்ல” விழுங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. எதிரில் இருப்பவர் அதை அப்படியே நம்பிவிடுவார். உங்களுக்கோ அன்று முழுவதும் மனசில் முள்ளாகக் குத்தும்.

“என்ன?” என்பது மறுப்பு இல்லை, அழைப்பு. அவர் கேட்க விரும்புகிறார், எட்டவில்லை, அவ்வளவே. எனவே இரண்டாவது தடவைக்கு ஒரு நடைமுறை வைத்துக்கொள்ளுங்கள்: ஓரடி முன்னால் போங்கள், முகத்தைப் பார்த்து மூச்சு இழுங்கள், முக்கியமான சொல்லை முதலில் போடுங்கள். “சாவி. சாவியை எங்க வச்சீங்க?” மூன்றாவது தடவையும் எட்டவில்லை என்றால் காட்டுங்கள், எழுதுங்கள், போனில் தட்டி நீட்டுங்கள். எது வேண்டுமானாலும் செய்யுங்கள், “ஒண்ணுமில்ல” மட்டும் வேண்டாம்.

படி 8: நீங்கள் சொன்னது இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது

ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த பெண் அதிகாரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்ததாக 2016-இல் செய்தி வந்தது. கூட்டத்தில் ஒருத்தி நல்ல யோசனை சொன்னால், இன்னொருத்தி அதையே திருப்பிச் சொல்வாள், யார் சொன்னது என்ற பெயரோடு. யோசனையும் அமுங்காது, வேறொருவர் தனதாக்கிக்கொள்ளவும் முடியாது.

உங்களுக்கும் ஒரு கூட்டாளி இருந்தால் போதும். “நான் சொன்னது காத்துல போச்சுன்னா நீ எடுத்துக் கொடு, உனக்கு நான் எடுத்துக் கொடுக்கறேன்” என்று வெளிப்படையாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி இல்லாத இடத்தில், யோசனையைத் தூக்கிக்கொண்டு போனவரோடு சேர்ந்தே நடங்கள்: “ஆமா, நான் கொஞ்சம் முன்னாடி சொன்னதும் இதுதான். இதோட இன்னொண்ணும் சேர்த்துக்கணும்…” குற்றச்சாட்டு இல்லை, ஆனால் உரிமை பதிவாகிவிடுகிறது. கூட்டம் முடிந்ததும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் இன்னும் உறுதி.

படி 9: போனும் வீடியோ காலும்

இங்கே நமக்குத்தான் சாதகம், பயன்படுத்தத் தெரிந்தால். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் அதே 6 டெசிபல் கணக்கு இங்கேயும் பொருந்தும். மடிக்கணினியின் மைக்கை நம்பாதீர்கள். வாயோரம் இரண்டு மூன்று விரல்கிடைத் தூரத்தில் மைக் வரும் ஹெட்செட் வாங்குங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

வீடியோ கால் செயலிகளில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி இருக்கும். அது சில சமயம் மெல்லிய குரலையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று சொன்னால் முதலில் அந்த அமைப்பைக் குறைத்துப் பாருங்கள். கையுயர்த்தும் பொத்தானும் அரட்டைப் பெட்டியும் நமக்காகவே செய்தது போன்றவை: “எனக்கு ஒரு கருத்து இருக்கு” என்று அதில் போட்டுவிட்டால் யாராவது ஒருவர் கூப்பிடுவார். பழைய தொலைபேசி இணைப்புகள் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்கு மேலே உள்ள உரசல் ஒலிகள் போய்ச் சேராது. பெயர், எண், முகவரி சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.

படி 10: கருவியை வாங்கத் தயங்காதீர்கள்

“எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கட்டும். அங்கே மைக் இருந்தால் நீங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழே பிடித்தால் பயனில்லை, முகவாய்க்கு அருகே வர வேண்டும். தினமும் கூட்டத்தின் முன் பேச வேண்டிய வேலை என்றால், இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியும் தலையில் அணியும் மைக்கும் கிடைக்கின்றன. ஆசிரியர்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் பயன்படுத்துவது அதுதான். பார்வை குறைந்தவர் கண்ணாடி போடுவதில் என்ன வெட்கமோ, அதே வெட்கம்தான் இதிலும்.

கருவியே கிடைக்காத இடத்தில் மனிதர்களைக் கருவியாக்கலாம். 2011-இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்தில் அனுமதியின்றி ஒலிபெருக்கி பயன்படுத்த முடியவில்லை. பேசுபவர் சில சொற்கள் சொல்லி நிறுத்துவார், அருகில் இருப்பவர்கள் அதைச் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள், அப்படியே பின்வரிசை வரை போகும். சன்னக் குரல் கொண்டவரும் ஆயிரம் பேருக்குப் பேச முடிந்தது. சிறிய அளவில் நாமும் பக்கத்தில் இருப்பவரிடம் “இதைக் கொஞ்சம் எல்லாருக்கும் சொல்லுங்களேன்” என்று கேட்கலாம்.

சாவிக்கொத்தில் ஒரு விசிலும் இருக்கட்டும். ஆபத்தில் கூப்பிடும்போது குரல் மேலும் அடைத்துக்கொள்ளும். விசிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

படி 11: கூட இருப்பவர்களிடம் சொல்லுங்கள்

“நான் சொல்றதை யாரும் கேக்கறதேயில்ல” என்ற புகாரால் எதுவும் மாறாது. கேட்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. “நான் பேச ஆரம்பிச்சா டிவியைக் குறைச்சிடு”, “புரியலேன்னா சும்மா தலையாட்டாம திரும்பக் கேளு” போன்ற வேண்டுகோள்களைச் செய்ய முடியும், செய்தார்களா என்று பார்க்கவும் முடியும். வீட்டில் குரல் சன்னமான குழந்தை இருந்தால், அதற்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மற்றவர்களை அமைதியாக்கிவிட்டுக் காத்திருங்கள்.

படி 12: குரல் காரணமே இல்லாதபோது

எல்லாம் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ ஓர் இடத்திலோ உங்கள் பேச்சு எடுபடவில்லை என்றால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அதே விஷயத்தை எழுத்தில் கொடுத்தாலும் கண்டுகொள்ளவில்லையா? நீங்கள் சரி என்று சொல்லும்போது மட்டும் அவருக்குக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லும்போது கேட்காமல் போகிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், பிரச்சினை உங்கள் தொண்டையில் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சொல்லி வைத்தவர்கள் ஏழையின் குரல்வளத்தைப் பற்றிப் பேசவில்லை. காது கொடுக்காத அந்த ஆளுக்காக ஸ்ட்ராவில் குமிழி விட்டுக்கொண்டிருப்பது வீண்.

அங்கே செய்ய வேண்டியது வேறு. பேச்சை எழுத்துக்கு மாற்றுங்கள், தேதியோடு. இன்னொருவர் முன்னிலையில் சொல்லுங்கள். அவரைத் தாண்டி முடிவெடுக்கக்கூடியவரிடம் கொண்டுபோங்கள். நெருங்கிய உறவாக இருந்தால், விஷயத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டு, காது கொடுக்காததைப் பற்றியே ஒருமுறை நேருக்கு நேர் பேசுங்கள். தனியே, அமைதியான இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து. அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால், அந்த ஆளிடம் எவ்வளவு பேச வேண்டும் என்பதை இனி நீங்கள் தீர்மானிக்கலாம்.